தங்கச்சிக்கு ஃபுட் டெக்னாலஜி சேர்க்கலாமா? படிச்சவங்க, ஃபீல்டுல இருக்கவங்க சொல்லுங்க

நத்தம்ராசா:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சிட்டா, பயோ மேத்ஸ் குரூப், நீட் எழுதினா மார்க் பத்தல, இன்னொரு வருஷம் கோச்சிங்லாம் போக மாட்டேன்னு தெளிவா சொல்லிட்டா. இப்ப ஃபுட் டெக்னாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா. வீட்ல அப்பா "சமையல் கத்துக்க நாலு வருஷம் காலேஜா, உங்க அம்மா சும்மா சொல்லிக் குடுப்பாளே"ன்னு கிண்டல் பண்றாரு. சித்தப்பா பையன் ஐடில இருக்கான், அவன் கண்ண மூடிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்கறான். நான் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கேன், எனக்கு இந்த லைன்ல யாரையும் தெரியாது, நெட்ல தேடினா எல்லா காலேஜும் "அபாரமான வேலைவாய்ப்பு"ன்னு ஒரே மாதிரி எழுதி வச்சிருக்காங்க.

என் கேள்வி இதுதான். படிச்சு முடிச்சா உண்மைல என்ன வேலை, எங்க வேலை, ஆரம்பத்துல கைக்கு எவ்ளோ வரும், பொண்ணுங்களுக்கு செட் ஆகுமா. அப்புறம் ஃபுட் டெக்னாலஜி, ஃபுட் சயின்ஸ் அண்ட் நியூட்ரிஷன், ஃபுட் ப்ராசஸிங், டெய்ரி டெக்னாலஜின்னு பத்து பேர் இருக்கே, எல்லாம் ஒண்ணுதானா?

ஷிஃப்ட்பி:
தம்பி, ஓசூர் பக்கம் ஒரு பிஸ்கட் ஃபேக்டரில குவாலிட்டில பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல பேர் குழப்பம். பி.எஸ்சி நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ்ங்கறது வேற லைன், ஆஸ்பத்திரி, டயட் சார்ட், சுகர் பேஷன்டுக்கு என்ன குடுக்கலாம்ங்கற பக்கம். அதுல மேல போகணும்னா எம்.எஸ்சி, அப்புறம் இண்டியன் டயட்டெட்டிக் அசோசியேஷன் நடத்துற ஆர்.டி. எக்ஸாம். பி.டெக் ஃபுட் டெக்னாலஜி இன்ஜினியரிங் படிப்பு, ஹீட் ட்ரான்ஸ்ஃபர், மைக்ரோபயாலஜி, ஃபுட் கெமிஸ்ட்ரி, பேக்கேஜிங், கூட மேத்ஸ். பி.எஸ்சி ஃபுட் சயின்ஸ் ரெண்டுக்கும் நடுவுல நிக்கும், அந்தந்த காலேஜ் சிலபஸ எடுத்துப் பாத்தாதான் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். உங்க தங்கச்சிக்கு எது வேணும்னு முதல்ல அவளையே கேளுங்க, ஏன்னா எங்ககிட்ட வர்ற ஃப்ரெஷர்ஸ்ல சில பேர் "சார் நான் டயட்டீஷியன் ஆகணும்னு நெனச்சு சேர்ந்தேன்"னு மூணாவது மாசம் வந்து சொல்றாங்க.

இப்ப வேலை. முதல் அஞ்சு வருஷம் பெரும்பாலும் ஃபேக்டரிதான், இத யாரும் ஓபன் டேல சொல்ல மாட்டாங்க. ஏ, பி, சின்னு மூணு ஷிஃப்ட், எட்டு மணி நேரத்துல முக்கால்வாசி நேரம் நின்னுட்டே. தலைல ஹேர்நெட், மூஞ்சில மாஸ்க், மோதிரம் வளையல் வாட்ச் எதுவும் கிடையாது. மைதா லாரி வந்தா சாம்பிள் எடுத்து மாய்ஸ்ச்சர், க்ளூட்டன் பாக்கணும், அடுப்புல இருந்து வர்ற பிஸ்கட்டோட கலர், தடிமன், ஈரப்பதம் குறிக்கணும், பேக்கிங்ல சீல் லீக் ஆகுதான்னு பாக்கணும், மெட்டல் டிடெக்டர்ல குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருதடவை இரும்பு, இரும்பல்லாதது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு மூணு டெஸ்ட் பீஸ் போட்டு மெஷின் அத தள்ளுதான்னு பாக்கணும். ஒரு பீஸ் தள்ளாம விட்டுச்சுன்னா, கடைசியா சரியா இருந்த செக்ல இருந்து அந்த நிமிஷம் வரைக்கும் ஓடின சரக்கு மொத்தமும் ஹோல்டு, அதாவது வெளிய அனுப்பாம நிறுத்தி வைக்கணும். மெஷின சரி பண்ணி எல்லாத்தையும் திரும்ப ஓட்டணும்.

அந்த ஹோல்டு ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் தம்பி இந்த வேலையே. ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு டார்கெட் இருக்கும், வெளிய லாரி நிக்கும், அவருக்கு ஐம்பது வயசு, உங்க தங்கச்சிக்கு இருபத்திரெண்டு, "என்னம்மா ஒரு பீஸ்தான, விடு"ம்பாரு. விடக்கூடாது. அங்க நின்னு முடியாது சார்னு சொல்ற தைரியம் இருந்தா இந்த ஃபீல்டுல எங்கயோ போயிடலாம். புக்ல படிக்கற ஹெச்.ஏ.சி.சி.பி, அதாவது எந்த இடத்துல ஆபத்து வரும்னு முன்னாடியே கண்டுபிடிச்சு அங்கயே தடுக்கற முறை, எல்லாம் கடைசில இந்த ஒரு இடத்துல வந்துதான் நிக்குது. சொல்லப்போனா அதுவே விண்வெளிக்குப் போறவங்க சாப்பாட்டுக்காக அமெரிக்கால 1960கள்ல நாசாவும் பில்ஸ்பரி கம்பெனியும் சேர்ந்து யோசிச்ச முறை, இன்னைக்கு நம்மூரு முறுக்கு ஏத்துமதி பண்றவன் வரைக்கும் வந்திருச்சு.

சம்பளம் மறைக்காம சொல்றேன். எங்க பக்கம் பி.டெக் ஃப்ரெஷர் ட்ரெய்னியா வந்தா பதினஞ்சுல இருந்து இருபத்தஞ்சு ஆயிரத்துக்குள்ளதான். கேம்பஸ்ல பெரிய கம்பெனி எடுத்தா மேல போகும், ஆனா அது கொஞ்ச பேருக்குத்தான். கேண்டீன், பஸ் இருக்கும். மூணு நாலு வருஷம் கழிச்சு ஆடிட் எல்லாம் தனியா ஃபேஸ் பண்ணத் தெரிஞ்சதும் நல்லாவே ஏறும். முதல் வருஷத்துல ஐடி பசங்களோட ஒப்பிட்டா மனசு கஷ்டப்படும், அத இப்பவே வீட்ல சொல்லி வச்சிடுங்க.

ஓடிப்போனவன்:
நான் ஃபுட் டெக் படிச்சேன், ஒன்றரை வருஷம் ப்ளாண்ட், இப்ப சென்னைல டெஸ்டிங்ல இருக்கேன், பிஸ்கட் டெஸ்டிங் இல்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங். நைட் ஷிஃப்ட் ஒத்துக்கலன்னா வேணாம் ப்ரோ, அவ்ளோதான்.

பால்காரி:
மேல சொன்ன அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா அவர் பிஸ்கட், நான் பால். டெய்ரி டெக்னாலஜி படிச்சேன், கொங்கு பக்கம் ஒரு டெய்ரில இருக்கேன். பொண்ணா இருந்து பாத்தத சொல்றேன்.

டெய்ரில சரக்கு யாருக்காகவும் காத்திருக்காது. டேங்கர் நடுராத்திரி வந்து நிக்கும், அப்பவே சாம்பிள் எடுத்து டெம்பரேச்சர், அசிடிட்டி, ஆல்கஹால் டெஸ்ட், கொதிக்க வச்சா திரியுதான்னு பாக்கணும், அப்புறம் யூரியா, சோடா, உப்பு, சர்க்கரைன்னு கலப்படம் ஒவ்வொண்ணா. ஃபேட் இப்பல்லாம் மெஷின்லயே சொல்லிடும், இருந்தாலும் சண்டைன்னு வந்தா கெர்பர் டெஸ்ட்தான், சல்ஃப்யூரிக் ஆசிட் 10 மில்லி, பால் 10.75 மில்லி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி ஊத்தி சுத்த விட்டு கண்ணால அளவு பாக்கறது. பாலுக்கு காசே ஃபேட்டுக்கும் எஸ்.என்.எஃப்புக்கும் (கொழுப்பு போக மிச்சம் இருக்கற திடப்பொருள்) தான், அதனால நம்ம கைல இருக்கற அந்த ட்யூப்புல ஒரு ஊரோட வருமானம் இருக்கு, பால் ஊத்தறவங்க விடிகாலைல எழுந்து கறந்தது அது, தப்பா ரீடிங் எடுக்கக் கூடாதுன்னு எனக்கு இன்னும் பயம் உண்டு. பாக்கெட்ல பச்சை, நீலம், ஆரஞ்சுன்னு வாங்கறோம்ல, நீலத்துல ஃபேட் 3, பச்சைல 4.5, ஆரஞ்சுல 6, அந்த நம்பருக்கு பால கொண்டுவர்றதுதான் எங்க ப்ராசஸிங் ஆளுங்க தினமும் போடற கணக்கு, கூடிப்போனா கம்பெனிக்கு நஷ்டம், கொறஞ்சா கேஸ்.

பொண்ணுங்க விஷயம். லேப், மைக்ரோ, டாக்குமெண்டேஷன், ஆர் அண்ட் டில பொண்ணுங்க நெறைய இருக்கோம். ப்ரொடக்‌ஷன்ல கம்மிதான், சில கம்பெனில பொண்ணுன்னாலே லேப்புக்குத்தான்னு அவங்களே முடிவு பண்ணிடறாங்க, அது எனக்குப் பிடிக்கல ஏன்னா ப்ளாண்ட் ஹெட் ஆகறவங்க ப்ரொடக்‌ஷன்ல இருந்துதான் வர்றாங்க. இன்டர்வியூலயே மூணு விஷயம் கேட்டுடணும், ராத்திரி வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருமா, ஷிஃப்ட்ல இன்னொரு பொண்ணாவது இருப்பாங்களா, ஹாஸ்டல் எங்க. இது கேக்க கூச்சப்படவே கூடாது.

நத்தம்ராசா:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அப்பாவ உக்கார வச்சு படிச்சுக் காட்டினேன், லாரிய நிறுத்தற விஷயத்தக் கேட்டு "பரவால்லயே, இவ வாய்க்கு சரியான வேலைதான்"னாரு. இப்ப காலேஜ் எது எதுன்னு சொல்லுங்க, அவ ஜேஇஇ எழுதல. கவர்மெண்ட் வேலை ஏதாவது உண்டாங்கறாரு, அதுவும்.

கேட்எழுதினவன்:
நான் சொல்றேன் ப்ரோ, நான் எம்.டெக் வரைக்கும் போனவன், அட்மிஷன் கூத்தெல்லாம் பாத்திருக்கேன்.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, எல்லாம் ஒரே கவுன்சிலிங்ல வராது. அண்ணா யூனிவர்சிட்டி ஏ.சி. டெக், அப்புறம் தனியார் இன்ஜினியரிங் காலேஜ் எல்லாம் டி.என்.இ.ஏ., அதாவது தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன் கவுன்சிலிங். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல பி.டெக் ஃபுட் டெக்னாலஜி இருக்கு, அதுக்கு அவங்க அப்ளிகேஷன் தனி. கால்நடை பல்கலைக்கழகத்துக்கு சென்னைக்கு வெளிய கொடுவள்ளில ஃபுட் அண்ட் டெய்ரி டெக்னாலஜிக்குன்னே ஒரு காலேஜ் இருக்கு, அதுக்கும் தனி அப்ளிகேஷன். நெறைய பேர் டி.என்.இ.ஏ. மட்டும் போட்டுட்டு மத்த ரெண்டு தேதியையும் விட்டுடறாங்க, நீங்க விட்டுடாதீங்க. தஞ்சாவூர்ல மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நிஃப்டெம் இருக்கு, அவங்க ஜேஇஇ மெயின் மார்க்க வச்சு எடுக்கறாங்க, அதனால இப்ப கிடைக்காது, ஆனா அது நெல் ஆராய்ச்சி மையமா ஆரம்பிச்சு இப்ப 2021 சட்டத்துக்கு அப்புறம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆயிருக்கு, பின்னாடி எம்.டெக்குக்கு பாக்கலாம்.

தனியார் காலேஜ்னா ஒரு நாள் நேர்ல போங்க. ப்ளேஸ்மெண்ட் போஸ்டர பாக்காதீங்க, பைலட் ப்ளாண்ட, அதாவது பசங்க பழகறதுக்கான குட்டி ஃபேக்டரிய காட்டுங்கன்னு கேளுங்க. ரிட்டார்ட் (டப்பா உணவ வேக வைக்கற பெரிய பிரஷர் குக்கர் மாதிரி), ஸ்ப்ரே ட்ரையர், பாஸ்ச்சரைஸர் இதெல்லாம் இருக்கா, இருந்தா எப்ப கடைசியா ஓட்டினீங்கன்னு அங்க படிக்கற பசங்ககிட்ட தனியா கேளுங்க, ஏன்னா சில எடத்துல மெஷின் மேல போட்ட பாலித்தீன் கவரே இன்னும் எடுக்கல. அப்புறம் பக்கத்துல என்ன தொழில் இருக்குன்னு பாருங்க. ஈரோடு பெருந்துறை பக்கம் மசாலா, பால், முட்டைப் பவுடர், தூத்துக்குடில மீன் ஏத்துமதி, கிருஷ்ணகிரில மாம்பழக் கூழ். இன்டர்ன்ஷிப் அங்கதான் கிடைக்கும்.

உங்க பேர்ல நத்தம்னு இருக்கறதால ஒண்ணு சொல்றேன், மாம்பழ ஊருல்ல. சீசன்ல கிருஷ்ணகிரி கூழ் ஃபேக்டரில ஒரு மாசம் போட்டா நாலு செமஸ்டர் ஒட்டுக்கா புரிஞ்சிடும். பெங்களூரா காய் வந்து இறங்கும், பழுக்க வைப்பாங்க, கழுவி, கூழாக்கி, கொட்டையும் நாரும் பிரிச்சு, சூடு பண்ணி, ஆறவச்சு கிருமியில்லாத பைல அடைச்சு டிரம்ல போடுவாங்க. பழக்கூழோட பி.எச் 4.6க்கு கீழ இருக்கு, அதாவது புளிப்பு ஜாஸ்தி, அதனால 100 டிகிரி ஒட்டின சூடே போதும், ஆனா அதே மாதிரி சாம்பாரையோ கறியையோ டப்பால அடைச்சு ரூம் டெம்பரேச்சர்ல வைக்கணும்னா காத்து போகாத டப்பாக்குள்ள விஷம் உண்டாக்கற பாட்டுலினம் கிருமிக்கு பயந்து ரிட்டார்ட்ல பிரஷர் வச்சு 121 டிகிரிக்கு போகணும், இந்த வித்தியாசத்த க்ளாஸ்ல ஒரு வரில சொல்லிட்டு போயிடுவாங்க, அங்க நின்னு பாத்தா மறக்கவே மறக்காது.

கவர்மெண்ட் வேலை: உணவு பாதுகாப்பு அலுவலர்னு கடை கடையா ரெய்டு போறாங்கல்ல, அந்த போஸ்டுக்கு ஃபுட் டெக், டெய்ரி டெக், பயோடெக், அக்ரி, வெட்னரி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி இதுல ஒரு டிகிரி கேக்கறாங்க. நம்ம மாநிலத்துல 2021ல எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா எடுத்தாங்க. ஆனா வருஷா வருஷம் வராது, அத மட்டும் நம்பி உக்காரக் கூடாது. ஒரு விஷயம் உஷாரு, டிகிரி சர்டிஃபிகேட்ல இருக்கற பேர் நோட்டிஃபிகேஷன்ல இருக்கற பேரோட ஒத்துப் போகணும், புதுசு புதுசா அலங்காரமா பேர் வச்ச கோர்ஸ்ல சேர்ந்தா அப்புறம் ரெண்டு டிகிரியும் சமம்னு ஈக்வலன்ஸ் சான்று வாங்க அலையணும். மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.லயே டெக்னிக்கல் ஆஃபீசர் மாதிரி போஸ்ட் வரும், கிண்டி மாதிரி அரசு லேபுகள்ல ஃபுட் அனலிஸ்ட் இருக்கு, அதுக்கு அனுபவமும் வேணும் அவங்க வைக்கற தனி எக்ஸாமும் பாஸ் பண்ணணும்.

மேல படிக்கணும்னா எம்.டெக்குக்கான கேட் என்ட்ரன்ஸ்ல எக்ஸ்.இ.ங்கற பேப்பர்ல ஃபுட் டெக்னாலஜி ஒரு செக்‌ஷன், அத எழுதிட்டு ஐஐடி கரக்பூர் வரைக்கும் போகலாம். மைசூர்ல சி.எஃப்.டி.ஆர்.ஐ.ன்னு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அங்க எம்.எஸ்சிக்கு தனி என்ட்ரன்ஸ், 1950ல இருந்து இருக்கற இடம், எருமைப் பால்ல குழந்தைங்களுக்கு பால் பவுடர் பண்ற முறைய கண்டுபிடிச்சதே அவங்கதான், அதுக்கு முன்னாடி எருமைப் பால்ல அது முடியாதுன்னே சொல்லிட்டு இருந்தாங்க. பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சவங்களும் அங்க உள்ள போகலாம். ஆர் அண்ட் டிக்கு போகணும்னா மாஸ்டர்ஸ் இல்லாம கஷ்டம்.

மாவுக்கடை:
ஆர் அண்ட் டின்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, நான் இந்தப் படிப்பெல்லாம் இல்ல, இட்லி மாவு பாக்கெட் போட்டு கடைங்களுக்கு சப்ளை. வெயில் காலத்துல பாக்கெட் பலூன் மாதிரி ஊதி திரும்பி வரும், கடைக்காரன் திட்டுவான். ஒரு ஃபுட் டெக் படிச்ச பொண்ணு வந்து பாத்துட்டு, மாவ பொங்க விட்டு அடைக்காதீங்க, அரைச்சதும் குளுரப் பண்ணுங்க, வண்டிலயும் கடைலயும் அதே குளுருல இருக்கணும், பாக்டீரியாதான் கேஸ் விடுதுன்னு சொல்லி வேலை நடக்கற வரிசையவே மாத்திட்டாங்க, ரிட்டர்ன் நல்லாவே கொறஞ்சிடுச்சு. எங்கள மாதிரி சின்ன யூனிட்டுக்கு லேபிள் எழுத, லைசன்ஸ் எடுக்க, லேப் ரிப்போர்ட் புரிஞ்சுக்க ஆளே இல்ல, கன்சல்டண்ட்னு போனா நல்ல தொழில். சின்ன உணவு யூனிட்டுகளுக்கான மத்திய அரசோட பி.எம்.எஃப்.எம்.இ. ஸ்கீம்ல 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம்னு குடுத்தாங்க, சொந்தமா ஆரம்பிக்கறவங்க அது இப்பவும் இருக்கான்னு விசாரிங்க.

துபாய்கிச்சன்:
வணக்கம் மக்களே. எல்லாரும் ஃபேக்டரியே பேசறீங்க, கேட்டரிங் பக்கம் யாரும் சொல்லல. நான் பி.எஸ்சி ஃபுட் சயின்ஸ் முடிச்சிட்டு சென்னைல ஹோட்டல்ல ஹைஜீன்ல இருந்து இப்ப துபாய்ல ஒரு கேட்டரிங் கம்பெனில ஹைஜீன் ஆஃபீசர். இங்க ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலயும் ஃபுட் சேஃப்டிக்கு பொறுப்பான சர்டிஃபைட் ஆள் இருக்கணும்னு முனிசிபாலிட்டி ரூல், அந்த ஆள பி.ஐ.சி. (பெர்சன் இன் சார்ஜ்)ம்பாங்க, அதனால வேலைக்கு டிமாண்ட் இருக்கு. கைல தெர்மாமீட்டரோட சுத்தணும், சூடா வைக்கறது 60 டிகிரிக்கு கீழ போகக் கூடாது, குளுருல வைக்கறது 5க்கு மேல போகக் கூடாது, பிரியாணி அண்டாவ அப்படியே ஃப்ரிட்ஜ்ல தூக்கி வைக்கற மாஸ்டர்கிட்ட தினமும் சண்டை, மலையாளம் ஹிந்தி பெங்காலின்னு எல்லா பாஷைலயும் திட்டு வாங்கியாச்சு. வெளிநாடு வரணும்னு ஐடியா இருந்தா நாலாவது வருஷத்துலயே ஐ.எஸ்.ஓ 22000ங்கற உணவு பாதுகாப்பு தர முறைக்கு இன்டர்னல் ஆடிட்டர், ஹெச்.ஏ.சி.சி.பி கோர்ஸ் முடிச்சு வைக்கச் சொல்லுங்க. ஆனா இன்ஸ்டிட்யூட்காரன் லட்ச ரூவா பேக்கேஜ்னு சொன்னா போகாதீங்க, அந்தக் காசுக்கு அனுபவம் வரப்போறது இல்ல.

இன்னொண்ணு, யாரும் சொல்லல, இன்கிரீடியன்ட் கம்பெனிங்க. ஃப்ளேவர், கலர், என்சைம், மசாலா எண்ணெய் விக்கறவங்க. கொச்சி பக்கம் ஓலியோரெசின் (மசாலால இருந்து பிரிச்செடுக்கற கெட்டிச் சாறு) கம்பெனிங்க பெருசு பெருசா இருக்கு. அங்க அப்ளிகேஷன் லேப்ல கஸ்டமருக்காக ஐஸ்க்ரீம், சிப்ஸ் எல்லாம் பண்ணிக் காட்டணும், ஷிஃப்ட் கிடையாது, சம்பளமும் ப்ளாண்ட விட மேல. கேம்பஸுக்கு அவ்ளோவா வர மாட்டாங்க, நம்மளா தேடிப் போகணும்.

நத்தம்ராசா:
இவ்ளோ பேர் இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை, டி.என்.இ.ஏ. மூணுக்கும் போடறதுன்னு முடிவு பண்ணியாச்சு. கடைசியா ரெண்டு சந்தேகம். அவளுக்கு சின்ன வயசுல இருந்து வீசிங் இருக்கு, தூசி ஆகாது. அப்புறம் நாங்க சைவம், கறி மீன் தொட்டு லேப் பண்ணணுமா?

ஷிஃப்ட்பி:
வீசிங்னா மாவு, மசாலா ரெண்டையும் தவிர்க்கச் சொல்லுங்க. எங்க மைதா கொட்டற இடத்துல மாஸ்க் போட்டும் தும்மறவங்க இருக்காங்க, மிளகாய் அரைக்கற யூனிட் இன்னும் மோசம். டெய்ரி, ஜூஸ், கூழ், ஐஸ்க்ரீம் எல்லாம் ஈர ப்ளாண்ட், தரைய கழுவிட்டே இருப்பாங்க, தூசி பெருசா வராது. ஆனா பால் பவுடர் பேக்கிங்கும் தூசிதான், கோல்டு ஸ்டோர்ல போய் போய் வர்றதும் சில பேருக்கு இழுக்கும், அதனால டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சேருங்க. வேலைல சேரும்போது மெடிக்கல் செக்கப் இருக்கும், அத மறைக்க வேணாம், லேப்ல போடுவாங்க.

பால்காரி:
கறி மீன் முட்டை பேப்பர் உண்டு, ப்ராக்டிகலும் உண்டு. எங்க பேட்ச்ல சைவக்காரங்க க்ளவுஸ் போட்டு செஞ்சாங்க, டேஸ்ட் பண்ற செஷன்ல மட்டும் ஒதுங்கிக்குவாங்க, சார் ஒண்ணும் சொல்லல. டெய்ரி எடுத்தா அதுவும் கொறையும். கொடுவள்ளி அப்ளிகேஷன் போடும்போது ஃபுட், டெய்ரி ரெண்டையும் சாய்ஸ்ல வைக்கச் சொல்லுங்க.